2116-ஆம் தாள்

சென்ற சில திங்களாக எங்கள் மூவரின் பேச்சு முழுவதும் ஒரு ஸ்கேனரைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க இத்துணை நாள்களா என்று வீட்டார் வினவினர். வினா நியாயமானதே. கடைக்குச் சென்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய காரியம் அது. ஆனால் எங்கள் பொறுப்பில் இருந்தவை 4,180 தாள்கள். அத்தனையும் பென்சிலால் வரையப்பட்டவை. வரைந்தவருக்கோ பார்வை குறைந்துகொண்டே வருகிறது.

அவர் எங்கள் ஓவிய ஆசிரியர். கடலோர ஊரொன்றின் பள்ளியில் எங்களுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுத் தந்தவர். 2008-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே, யாரும் கேளாமல், யாருக்கும் சொல்லாமல், ஓர் அசைவூட்டப் படத்தை வரையத் தொடங்கினார். ஒரு கட்டுமரம் விடியுமுன் கடலுக்குச் செல்கிறது, மாலையில் திரும்ப வேண்டியது, திரும்பவில்லை, மறுநாள் திரும்புகிறது. அவ்வளவுதான் கதை. ஆறு நிமிடங்கள். 1974-இல் விஜயா முளே இயக்கி, பீம்சைன் சித்திரங்களுக்கு உயிரூட்டிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' எனும் சிறு படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்த நாளிலிருந்து இந்த ஆசை தமக்குள் இருந்ததாகச் சொன்னார். இந்தி அவருக்குத் தெரியாது. படம் தெரிந்திருக்கிறது.

திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தி, வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களோடு அமைவர். அக்கணக்கில் ஆறு நிமிடத்திற்கு 4,320 தாள்கள் வேண்டும். அசையாது நிற்கும் இடங்களில் சில குறையும். மரம் தனி, ஆள் தனி என்று அடுக்கி வரையும் இடங்களில் சில கூடும். கூட்டிக் கழித்து 4,180-இல் வந்து நின்றது. ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஏ3 தாள். அலுவலகத்துப் பஞ்சிங் மெஷினால் அடியோரத்தில் இட்ட இரு துளைகள். துளைக்குத் துளை 80 மில்லிமீட்டர். அத்துளைகள் அமரும்படி லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய இரு பித்தளை முளைகள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் தாளின் மேல் தாளாக வைத்து வரைந்திருக்கிறார், பதினான்கு ஆண்டுகள்.

கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் ஓசையின்றி வரும். முதலில் ஓரப் பார்வையைத் தின்கிறது. நடுப்பார்வை கடைசி வரை மிஞ்சுவதால், உரியவர் அறியும்போது பெரும்பகுதி போயிருக்கும். போனது மீளாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. ஆசிரியருக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அந்தச் செய்தியோடுதான் அவருடைய கட்டுகளும் எங்கள் கைக்கு வந்தன. தாம் வரைந்ததை அவர் ஒருமுறைகூட ஓடிப் பார்த்ததில்லை. கட்டை விரலால் தாள்களைப் பரபரவென்று புரட்டிப் பார்த்ததோடு சரி. அவருடைய பேரன் கைபேசியால் எண்பது தாள்களைப் படமெடுத்து ஓட்டிக் காட்டினானாம். கடல் அசையவில்லை, கரை அசைந்தது.

கட்டுகளை ஒப்படைக்கும்போது அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "தம்பி, பென்சில பென்சிலாவே விட்டுருங்க. கறுப்பாக்கிப் போடாதீங்க."

இந்த ஒரு வாக்கியம் எத்துணைக் கனமானது என்பது பின்னர்தான் எங்களுக்கு விளங்கிற்று. அசைவூட்டப் படங்களின் வரலாற்றில் பாதி, பென்சில் கோட்டை என்ன செய்வது என்ற கேள்விதான். டிஸ்னி கூடத்தில் நெடுங்காலம் ஓவியரின் பென்சில் கோட்டைத் தெளிந்த தகட்டின் மேல் மையால் மறுபடி எழுதுவதற்கென்றே ஒரு பெரும் பிரிவு இயங்கி வந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள். 1961-இல் வந்த 'நூற்றியொரு டால்மேஷன்கள்' படத்தில் அம்முறையைக் கைவிட்டு, ஜெராக்ஸ் நுட்பத்தால் பென்சில் கோட்டை நேரே தகட்டில் பதித்தனர். கோடு கரடுமுரடாகத் தெரிந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. ஓவியர்களுக்கோ தம் கோட்டைத் தாமே திரையில் கண்ட மகிழ்ச்சி. 1990-இல் வெளியான 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் தாள்கள் முழுவதும் ஸ்கேனர் வழியே கணினிக்குள் சென்றன; வண்ணமும் அங்கேயே தீட்டப்பட்டது. ஜப்பானில் இசாவோ தகஹாதா 2013-இல் வெளியிட்ட 'இளவரசி காகுயா' இதற்கு மறுகோடி. பென்சிலும் தூரிகையும் நடுங்கிய நடுக்கம்கூட அதில் அப்படியே நிற்கிறது. கணினி கோட்டைக் கொல்லும் என்போர் அப்படத்தைப் பார்க்கட்டும். கொல்வதும் காப்பதும் முதல் வாசலில், தாள் ஒளியைச் சந்திக்கும் அந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

எனவே நாங்கள் ஒரு வழி வகுத்துக்கொண்டோம். விளம்பரத் தாள்களில் உள்ள எண்களை நம்புவதற்குப் பதில் ஒரே ஒரு சித்திரத்தை எடுத்துக்கொண்டு கருவி கருவியாகச் செல்வது. நாங்கள் எடுத்தது 2116-ஆம் தாள். கரையில் நிற்கும் பெண் கடலைப் பார்க்கிறாள். சேலையும் கூந்தலும் அழுத்தமான பென்சிலில். முகம் மட்டும் 2எச் பென்சிலால், தாளைத் தொட்டும் தொடாமலும். விரலால் தடவினால் போய்விடும் போலிருக்கும். அந்த முகத்தைக் காட்டும் கருவி மற்ற 4,179-ஐயும் காட்டும் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் ஜெராக்ஸ் கடை. அங்குள்ள பெரிய இயந்திரம் தாள்களைத் தானே இழுத்து நிமிடத்துக்கு முப்பது வீதம் தள்ளிவிடும். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று கடைத் தம்பி கணக்குச் சொன்னபோது எங்களுக்கும் ஆசை வந்தது. 2116 உள்ளே போயிற்று. கணினித் திரையில் சேலை இருந்தது, கூந்தல் இருந்தது, முகம் இல்லை. எழுத்துகளைத் தெளிவாக்குவதற்காக அவ்வியந்திரம் தாளின் மங்கலை அழுக்கென்று கருதி வெளுத்துவிடுகிறது. ஆவணத்துக்கு அது நன்மை. தம்பி பொறுமையாக அமைப்பை மாற்றி மீண்டும் இழுக்கச் செய்தார். இம்முறை கண்கள் வந்தன. ஆனால் தாள் இலேசாகச் சாய்ந்து வந்திருந்தது. உருளை தேய்த்த இடத்தில் சேலையின் கரி கன்னம் வரை இழுபட்டிருந்தது.

சாய்வு ஒரு பெரிய பொருட்டா என்று கேட்கலாம். 420 மில்லிமீட்டர் அகலத் தாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகல், பத்து மீட்டர் திரையில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டராகிறது. ஒருமுறை விலகினால் கண் மன்னித்துவிடும். வினாடிக்குப் பன்னிரண்டு முறை, முறைக்கொரு பக்கமாக விலகினால் கடற்கரையே குளிர்காய்ச்சலில் நடுங்கும். பேரனின் கைபேசியில் நடந்ததும் இதுவே. துளைகளைப் பார்த்துத் தாளை நேராக்கிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஜிப்லி கூடத்தார் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள் 2016 முதல் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் அவ்வசதி உண்டு. ஆனால் அதற்குத் துளை துளையாக இருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுப் புரட்டலில் எங்கள் தாள்களின் துளைகள் முட்டை வடிவம் கொண்டுவிட்டன. அவற்றை முளையில் மாட்டி, ஒரு பக்கமாகக் கையால் ஒதுக்கி வைத்தால்தான் சரியாக அமரும். அந்த ஒதுக்கலைக் கை அறியும், உருளை அறியாது.

அடுத்தது கேமரா. எங்களுள் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். தாங்கியில் கேமராவைத் தலைகீழாக நிறுத்தி, இருபுறமும் விளக்கிட்டுப் படமெடுத்தார். அசைவூட்டக் கூடங்களில் கணினிக்கு முன்னர் பல பத்தாண்டுகள் நடந்த முறையும் இதுதான். 2116-இன் முகம் மிக அழகாக வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தாள் தட்டையாக இருந்திருந்தால் இங்கேயே எங்கள் தேடல் முடிந்திருக்கும். கடற்காற்றில் பதினான்கு ஆண்டு இருந்த தாள் அப்பளமாக நெளிந்திருக்கிறது. அதன் மேல் கண்ணாடி வைத்து அழுத்தினால் கண்ணாடியில் கேமராவின் நிழல் விழுகிறது. அதைக் கடந்தால், நடுவுக்கும் மூலைக்கும் ஒளி வேறுபடுகிறது. இவை அனைத்திற்கும் மாற்று உண்டென்று நண்பர் இன்றும் வாதிடுகிறார். அவர் தோற்றுவிட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏழு நீண்ட பின்னணி ஓவியங்களை அவரிடமே விட்டிருக்கிறோம். மூன்றடி நீளத்தில் போஸ்டர் வண்ணத்தால் தீட்டியவை அவை. கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் அகன்ற இயந்திரங்கள் அவற்றைக் கொள்ளும்; ஆனால் அவையும் உருளையால் இழுப்பவையே. காய்ந்த வண்ணம் செதில் செதிலாக உதிரும் ஓவியத்தை உருளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டிலிருக்கும் ஏ4 ஸ்கேனரில் பாதி பாதியாக எடுத்து ஒட்டலாமே என்றனர் சிலர். 8,360 முறை எடுத்து, 4,180 முறை ஒட்ட வேண்டும். அவ்வளவில் நிறுத்திக்கொண்டோம்.

மிஞ்சியது ஏ3 அளவுத் தட்டைக் கண்ணாடி ஸ்கேனர். இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். இவற்றில் இரு வகை உண்டு. ஒன்று மெலிந்தது, இலேசானது, மலிவானது. சிஐஎஸ் என்பர். அதில் உணரிகளின் வரிசை தாளின் அகலத்திற்கே நீண்டு கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாற்போல் நகர்கிறது. மற்றது கனத்தது, விலை கூடியது. சிசிடி என்பர். தாளின் பிம்பம் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு வில்லையின் வழியே சுருங்கி, சிறிய உணரியை அடைகிறது. முன்னதன் பார்வை கண்ணாடியின் மேற்பரப்போடு முடிந்துவிடும். தாள் சற்றுத் தூக்கினாலும் மங்கிவிடும். பின்னதற்கு ஓரளவு ஆழம் உண்டு.

தட்டையான கடிதத்துக்கு இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. எங்களுக்கோ முளைகள் பொருத்திய பட்டை ஒன்றைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியாக வேண்டும். பட்டை எவ்வளவு மெல்லியதாயினும் தாள் அவ்விடத்தில் எழும்பும். போதாததற்குப் பல ஸ்கேனர்களில் கண்ணாடி சுற்றுச் சட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. பட்டையைச் சட்டத்தின் மேல் வைத்தால் தாள் பாலம்போல் அந்தரத்தில் நிற்கும். அறிமுகமான ஒருவரின் மெலிந்த ஸ்கேனரில் 2116-ஐ வைத்தோம். முகம் தப்பியது. ஆனால் தாளின் கீழ்ப்பாதியில் மணல், அவளுடைய பாதங்கள், அலை வந்து தொடும் விளிம்பு யாவும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன. பாதங்கள் தெரியாமல் அவள் எங்கே நிற்பாள்?

ஆகச் சிசிடி என்று முடிவாயிற்று. எப்சன் எக்ஸ்பிரஷன் 12000எக்ஸ்எல் போன்றவை இவ்வேலைக்கென்றே பிறந்தவை. அதன் விலையைக் கேட்டு, நன்றி சொல்லி, தொலைபேசியை வைத்தோம். பின்னர் மதுரையில், வடிவமைப்பு அலுவலகம் ஒன்றை மூடுகிறவரிடம் பழைய ஏ3 கருவி இருப்பதாகத் தெரிந்தது. 2116-ஐ மடிக்காமல் அட்டைக்கிடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுசென்றோம். அந்தக் கருவியின் விளக்கு பழைய வகை. ஒளி நிலைபெறச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். முகம் வந்தது. பாதங்களும் வந்தன. மூக்கின் அருகே ஆசிரியர் ஒருமுறை அழித்துத் திருத்திய தடம்கூட வந்தது. விலை பேசுவது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் முகத்தைப் பார்த்தே அவர் தொகையைக் குறைக்க மறுத்துவிட்டார் என்று நினைக்கிறோம். உள்ளே நகரும் பகுதியைப் பூட்டும் திருகைப் பூட்டிய பிறகே அதைத் தூக்க வேண்டும் என்பதை மட்டும் அக்கறையோடு சொல்லித் தந்தார்.

வாங்கும்போது எல்லாரும் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை டிபிஐ என்பது. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி. 4,800 என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்கு 300 போதும். ஏ3 தாள் அதில் 4,961-க்கு 3,508 புள்ளிகளாகிறது. 4கே எனப்படும் திரையே 3,840 அகலந்தான். அதற்கு மேல் போனால் கோட்டுக்குப் பதிலாகக் காகித நாரைப் படம்பிடித்துக் கொண்டிருப்போம். சாம்பல் நிறத்தில் எடுத்தால் தாளுக்கு 17 மெகாபைட். வண்ணத்தில் எடுத்தால் 52. மொத்தம் 218 ஜிகாபைட். வண்ணத்தையே தேர்ந்தோம். ஆசிரியர் முதலில் நீலப் பென்சிலால் வடிவம் கட்டி, அதன் மேல் கரிப் பென்சிலை ஓட்டுபவர். வண்ணத்தில் எடுத்தால் நீலத்தைப் பின்னர் பிரித்தெடுக்கலாம், அல்லது விட்டும் வைக்கலாம். சாம்பலில் எடுத்தால் இரண்டும் ஒன்றாய்க் கலந்துபோகும்.

ஸ்கேனருக்கு 'வருடி' என்றொரு சொல்லைத் தமிழில் ஆக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. எனினும் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்போது, அந்த ஒளிக்கீற்று தாளின் அடியில் மெல்ல நகர்ந்து செல்வதைப் பார்த்தால், சொல்லை ஆக்கியவர் இதை நின்று பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

மூடியைக் கழற்றியதற்குக் காரணம் முளைகள். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் புதிதாகக் கடைந்து, மெல்லிய தகட்டில் பற்றவைத்து, கண்ணாடியில் ஒட்டினோம். தாளின் மேல் வெள்ளை அட்டை; அதன் மேல் பஞ்சு ஒட்டிய பலகை. தானாகச் செயல்படும் வசதிகள் அனைத்தையும் நிறுத்தினோம். இது முக்கியம். தாளுக்குத் தாள் ஒளியைத் தானே சரிசெய்யும் கருவி, கருமை மிகுந்த தாளை வெளுக்கும். வெண்மை மிகுந்ததைக் கறுக்கும். ஓட்டிப் பார்த்தால் படம் கண் சிமிட்டும். முதல் தாளுக்கு எந்த ஒளியோ அதுவே கடைசித் தாளுக்கும்.

தாளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. 4,180 நிமிடம் என்பது 69 மணி 40 நிமிடம். மாலையில் மும்மூன்று மணி நேரமாக முறை வைத்துச் செய்தோம். தாளை எடுப்பது, துளையை முளையில் மாட்டுவது, ஒதுக்குவது, அட்டையை வைப்பது. கட்டுகளுக்கிடையே இராமபாணம் அரித்த தாள்கள் பதினொன்று இருந்தன. 2018-ஆம் ஆண்டின் கட்டொன்றில் கோடுகள் சற்றே தடிக்கத் தொடங்கியிருப்பதை ஒரு மாலையில் கவனித்தோம். அதற்கடுத்த கட்டில் இன்னும் தடிப்பு. மருத்துவர் அறியுமுன் பென்சில் அறிந்திருக்கிறது.

முதல் இரண்டு நிமிடப் பகுதி தயாரானதும் அவர் வீட்டுக்குச் சென்றோம். பெரிய தொலைக்காட்சியில் காட்டுவதுதான் சிறப்பென்று எண்ணி அதன் முன் அவரை அமர்த்தினோம். மரம் எங்கே, எங்கே என்று தலையைத் திருப்பித் தேடினார். மிஞ்சியிருப்பது நடுப்பார்வை மட்டும் என்னும்போது பெரிய திரை அவருக்கு ஊரளவு பெரியது. மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டோம். படம் முழுவதும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிற்று.

மூன்று முறை பார்த்தார். நான்காம் முறை, அந்தப் பெண் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"வெடுக்குனு திரும்புறா பாருங்க. காத்திருக்கிறவ அப்படித் திரும்ப மாட்டா. ரெண்டு தாள் குறையுது."

அன்றிரவே 2116-ஐயும் 2117-ஐயும் விளக்கு மேசையில் வைத்துக் கேட்டார். இரண்டு தாள்களை முடிக்க அவருக்கு ஒன்பது நாள்கள் ஆயின. கோடுகள் தடித்திருந்தன, முகம் 2எச் முகமாக இல்லை. மென்பொருளில் மெலிதாக்கி அண்டைத் தாள்களோடு ஒப்பாக்கிவிடலாம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். ஆசிரியர் வேண்டாம் என்றார். 2116-அ, 2116-ஆ என்று எண்ணிட்டு, மற்றவற்றுக்கு வைத்த அதே ஒளியில் அவற்றையும் எடுத்தோம். ஓடும்போது அந்த இடத்தில் ஆறில் ஒரு பங்கு வினாடி அவள் முகம் கறுத்து, பின்னர் வெளுக்கிறது; மேகம் ஒன்று கடந்தது போலிருக்கிறது என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள். இன்னும் 1,140 தாள்கள் மிச்சமிருக்கின்றன. நீண்ட பின்னணிகளுக்குக் கண்ணாடி இல்லாமலே படமெடுக்க நண்பர் ஒரு தாங்கி செய்துகொண்டிருக்கிறார்.